கத்திரியில் ஒரு வாரம், இரண்டு பிள்ளைகள், ஒரு கூஜா

சேக்காட்டில் எங்கள் தெரு முனைக் கிணற்றில் பால்காரர் வீட்டு எருமை விழுந்ததே, அந்த வருஷம். நம்பரில் வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எருமை விழுந்தும் அதற்கு ஒரு கீறல் இல்லை, முங்கவும் இல்லை. கிணற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேலே இருந்து எட்டிப் பார்த்தால், வீட்டுத் தொழுவத்தில் நிற்கிற மாதிரி நின்று எங்களைப் பார்த்தது. அதைத் தூக்க அரை நாள் ஆயிற்று. அப்படிப்பட்ட கோடை.

என் மகள் ஸ்டெல்லா அப்போது நாலாங்கிளாஸ் முடித்திருந்தாள். ஒன்பது வயது. சின்னவன் அந்தோணிக்கு ஐந்து. நான் பாடியில் ஒரு ஃபவுண்டரியில் உலை வேலை. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுகிற இடம். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு. உலையை அணைத்து, உள்ளே செங்கல் மாற்றுகிற ஷட்டவுன் வாரம். அது எப்போது வரும் என்றால் சரியாகக் கத்திரி வெயிலில் வரும். மனிதன் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகக் கிடைத்த ஒரே வாரம், வெளியே தலை காட்ட முடியாத வாரம். இதை யார் முடிவு செய்தார்கள் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் மட்டும் வெளியே போயே ஆகவேண்டிய கட்டாயம். ஸ்டெல்லாவுக்கு வெயில் பட்டால் மூக்கில் ரத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கும்போது வந்தது. குருத்து ஞாயிறு பவனியில் வந்தது. டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார். என் மனைவி லூர்து பயப்படாமல் இருக்கவில்லை. ஏப்ரலிலிருந்து பிள்ளையை வாசல் தாண்ட விடவில்லை. எங்கள் வீடோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே அடுப்பென்றால் உள்ளே இட்லிக் குண்டான்.

அப்போதுதான் லூர்துவின் தம்பி சவரிமுத்து குன்னூரிலிருந்து கடிதம் போட்டான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை இல்லை. கடிதத்தை லூர்துதான் படித்தாள். அவள் அஞ்சாவது வரை படித்தவள், நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன். ஸ்டெல்லாவை எங்களிடம் விடுங்கள், இங்கே ஃபேனே தேவையில்லை, கான்வென்டில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், மே கடைசி சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தான். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. பாசமான பையன். அதனால்தான் எனக்குப் பயம்.

"அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"அனுப்பாத. ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சிக்கோ, மொளகா வத்தலாட்டம். அங்கன்னா ஓடும், ஆடும். இங்க ஒரு கொயந்த மேரியா கீது அது?"

"இங்கயும் ஓடும். நான் இட்டுனு போறேன்."

லூர்து கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். "சரி. உன் ஷட்டவுன்ல ஆறு நாள் கீது. இட்டுனு போ. மூக்குல ஒரு சொட்டு வரலன்னா தம்பிகிட்ட நானே இல்லன்றேன். வந்துச்சு, பொட்டி கட்டிடணும். அப்பால பேசக்கூடாது."

ஸ்டெல்லா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் விஷயத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பதினைந்து வருஷம் உலைக்கு முன்னால் நின்றவன். எங்களுக்குச் சில வழக்கங்கள் இருந்தன. இருபது நிமிஷத்துக்கு மேல் உலை முகத்தில் நிற்கக்கூடாது, கதவோரம் வந்து மூச்சு வாங்க வேண்டும். உப்பு தூக்கலாகப் போட்ட மோர் குடிக்க வேண்டும். ஐஸ் தண்ணீரை மடக்கென்று ஊற்றிக்கொள்ளக் கூடாது. மண் சூட்டை உள்ளங்கையால் பார்க்கக்கூடாது, புறங்கையால் பார்க்க வேண்டும். இதையே பிள்ளைகளுக்கும் செய்தால் ஆயிற்று என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேக்காடு, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் சுற்றினேன். எங்கெங்கே நிழல் இருக்கிறது என்று பார்த்து வந்து கதவின் பின்பக்கம் சாக்பீஸால் படம் போட்டேன். மரத்துக்கு ஒரு வட்டம், சுவருக்கு ஒரு கோடு, குழாய் இருக்கும் இடத்துக்கு ஒரு கூஜா. ஸ்டெல்லா பக்கத்தில் ஊர்ப் பேரை எழுதினாள். அந்தோணி எல்லாவற்றுக்கும் வால் போட்டான்.

திங்கட்கிழமை அம்பத்தூர் ஏரிக்கரை. அங்கே ஒரு புங்க மரம், காலையில் பார்த்தபோது அதன் மேற்கே ஜமக்காளம் விரித்த மாதிரி நிழல். வெயில் தாழட்டும் என்று நாலு மணிக்குக் கிளம்பினோம். லூர்துவும் வந்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, கூஜா நிறைய உப்பு மோர். போய்ப் பார்த்தால் மரம் இருக்கிறது, நிழல் கிழக்குப் பக்கம் போய் வேலிக்காத்தான் முள்ளின் மேல் படுத்திருக்கிறது. நான் வட்டம் போட்ட இடத்தில் வெயில், பொரி வறுக்கலாம்.

லூர்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "நெயல் அங்க கீது. நாம இங்க கீறோம். கூப்டு பாரேன், வருதான்னு."

"காலைல இங்கதான் இருந்துச்சு" என்றேன்.

"ஏன்யா, சூரியன் இன்னா உங்க கம்பெனி உலையா, கட்டி வெச்ச எடத்துலயே குந்திகினு கீறதுக்கு?"

சிரிக்க வேண்டாம். உலை நகராது. பதினைந்து வருஷமாக என் வெயில் ஒரே மூலையிலிருந்துதான் அடித்தது. சூரியன் நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை.

முள்ளோரம் கொஞ்சம் துண்டு நிழல் கிடைத்தது. நாலு பேரும் வரிசையாக நின்றுகொண்டே எலுமிச்சை சாதம் தின்றோம், ரேஷன் கடைக்கு நிற்கிற மாதிரி. மோரை ஒரு வாய் குடித்த அந்தோணி துப்பிவிட்டான். "நைனா, இது இன்னா, கடல் தண்ணியா?"

"கடல் தண்ணி இப்டித்தான் இருக்குமா நைனா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என் பிள்ளைகள் கடல் பார்த்ததில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் போய் வளரப்போகிறவள், போகும் முன்னால் கடல் காட்டுவதென்றால் இந்த வாரம்தான். போகும் முன்னால் என்று நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

"இனிமே உன் ப்ளானுக்கு நான் வரல சாமி, நீயாச்சு உன் கொயந்தைங்களாச்சு" என்று லூர்து அன்றே விலகிக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் ஸ்டெல்லாவின் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காப்பி குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை எங்கும் போகவில்லை. வாசலில் ஒரு விறகுக் குச்சியை நட்டு, ஒவ்வொரு மணிக்கும் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று கோடு கிழித்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். எதிர் வீட்டுக்காரர், "இன்னா அண்ணாத்தே, பொதையல் எடுக்கிறியா?" என்றார். கதவிலிருந்த படத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு வட்டம், ஒன்று காலைக்கு, ஒன்று சாயங்காலத்துக்கு.

புதன்கிழமை கடல். வெயிலுக்கு முன்னால் போய் வெயிலுக்கு முன்னால் திரும்புவது என்று முடிவு. முதல் ஷிஃப்டுக்கு நான் எழுந்திருக்கும் நேரம் மூன்றரை. பிள்ளைகளையும் அதே நேரத்துக்கு எழுப்பினேன். எழுந்தார்கள், பல் விளக்கினார்கள், நின்றுகொண்டே மறுபடி தூங்கிவிட்டார்கள். ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கையிலும் போட்டுக்கொண்டு ஆவடியில் ரயில் ஏறினேன். கூஜாவை வாயால் கவ்வாததுதான் பாக்கி.

எதிரே பூக்கூடைகளோடு இரண்டு பெண்கள். தெலுங்கு பேசுகிறவர்கள். ஒருத்தி சொன்னாள்: "பாருக்கா, ரெண்டு பிள்ளைங்களுக்கும் நினைவே இல்லை. மருந்து கொடுத்திருப்பான்." மற்றவள், "மூஞ்சியைப் பார்த்தால் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரிதான் இருக்கு. அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் நிற்குமா?" என்றாள்.

எங்கள் ஃபவுண்டரியில் பாதிப் பேர் நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள். அம்மா, இவர்கள் என் சொந்தப் பிள்ளைகள், கடல் காட்டக் கூட்டிப்போகிறேன் என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். இரண்டு பேருக்கும் வெட்கம் தாங்கவில்லை. முதலாமவள் ஒரு முழம் மல்லிகையை அறுத்து, தூங்குகிற ஸ்டெல்லாவின் தலையில் சொருகினாள். மற்றவள் மட்டும் விடவில்லை: "இந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிவந்தால் யாராக இருந்தாலும் சந்தேகம் வரத்தான் வரும்."

சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் மேலே வரவில்லை. மணலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் அச்சு மண் மாதிரியே நைசு, ஆனால் ஜில்லென்று இருந்தது. ஜில்லென்ற மண்ணை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் தொட்டேன் என்று சொல்லலாம். ஸ்டெல்லாவை இறக்கி நிற்க வைத்தேன். கண் மூடியபடியே நின்றாள். ஒரு அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. கண்ணைத் திறந்தாள். வாயையும் திறந்தாள். சத்தம் வரவில்லை. என் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் மீன்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தோணி எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் தெளித்தேன், கிச்சுக்கிச்சு மூட்டினேன். தலையைத் தோளில் திருப்பி வைத்துக்கொண்டான். ஏழரைக்குக் கிளம்பிவிட்டோம். சென்ட்ரலுக்குத் திரும்புகிற பஸ்ஸில் கண் விழித்துக் கேட்டான்: "நைனா, கடல் எப்போ வரும்?"

அவனுக்காகக் கூஜாவில் கடல் தண்ணீர் பிடித்து வந்திருந்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "இது அன்னிக்கி குட்த்த மோரு, நான் ஏமாற மாட்டேன்" என்றான். இன்றைக்கும், தான் சின்ன வயதில் கடலுக்குப் போனதை அவன் ஒத்துக்கொள்வதில்லை.

பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். லூர்து பிள்ளையின் முகவாயைத் தூக்கி மூக்குக்குள் பார்த்தாள், டார்ச் அடிக்காத குறை. உப்புத்தான் ஒட்டியிருந்தது. "சரி, சரி, போய்க் குளி" என்றாள். அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. எனக்குக் கேட்டது.

வியாழன் ஒரு நாள் அசதியில் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரி. தண்ணீர் நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் கிடந்தது, மீதி எல்லாம் வெடித்த தரை. அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பனைமர நிழல் என் குச்சிக்கணக்குப்படி சரியாக வந்து உட்கார்ந்திருந்தது, வேலைக்கு நேரத்துக்கு வருகிற ஆள் மாதிரி. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை விசில் அடிப்பேன், எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து நிழலில் நிற்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளைகள் என்றெல்லாம் பார்க்கவில்லை. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஸ்டெல்லா பந்து பொறுக்கினாள், ஓடினாள், விழுந்தாள், முழங்கால் சிராய்த்தது. முழங்காலில் ரத்தம். மூக்கில் இல்லை. நான் அந்தச் சிராய்ப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டேன் என்றால் பைத்தியக்காரன் என்பீர்கள்.

ஐந்து நாள் ஆயிற்று. இனி ஒன்றுதான். சனிக்கிழமை வீட்டிலேயே இருந்திருக்கலாம். லூர்துவும், "போதும்யா, ஜெயிச்ச. தம்பி வேற சாயங்காலம் வருது" என்றாள். ஆனால் கன்னியப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கன்னியப்பன் என் கூட உலையில் நிற்கிறவன், பூந்தமல்லிக்கு மேற்கே பரம்பரையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். பம்ப்செட்டில் குளிக்க வேண்டும் என்று பிள்ளைகள் வாரம் முழுக்க அதையே கனவு கண்டார்கள். காலை ஆறரைக்குப் போய் எட்டரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் வீடு.

ஆறரைக்குப் போனோம். கன்னியப்பன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே, "கரண்டு ஒம்பதுக்குத்தான் வரும் மாமே" என்றான்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீ இன்னா கேட்ட? பம்ப்செட்டு கீதான்னு கேட்ட. கீதுன்னேன்."

மோட்டார் கரண்டுக்கு அந்தப் பக்கத்தில் அப்போது நேரம் உண்டு. வந்தபோது ஓட்டிக்கொள்ள வேண்டும். வயல்காரர்கள் எல்லாரும் அதற்குப் பழகியிருந்தார்கள். நான் நிழலுக்குக் கணக்குப் போட்டேன், மரத்துக்குப் போட்டேன், கரண்டுக்குப் போடவில்லை. மூன்று பேரும் காலித் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். கன்னியப்பனின் அம்மா கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள். அவன் பனையேறி நுங்கு வெட்டிப் போட்டான். ஸ்டெல்லா நுங்கின் கண்ணைத் தோண்டித் தோண்டி ஒன்பது தின்றாள். பிள்ளைகளை அப்போதே கூட்டிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். போகலாமா என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். இரண்டு முகங்களைப் பார்த்தபின் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு மோட்டார் உறுமியது. குழாய் இருமியது, செருமியது, துரு கலந்து ஒரு வாய் துப்பியது. பிறகு என் தொடை தண்டிக்குத் தண்ணீர். அந்தோணி தொட்டியில் விழுந்தான், ஸ்டெல்லா குழாய்க்கு நேரே முதுகைக் காட்டிக்கொண்டு கத்தினாள். நானும் இறங்கினேன். கன்னியப்பனும் இறங்கினான். உலைக்காரர்கள் இரண்டு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் எருமைகள் மாதிரி கிடந்தோம். யார் மணி பார்த்தது?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது உச்சி வெயில். ஆவடி பஸ் வரவே இல்லை. வந்தது கூட்டத்தோடு வந்தது. பாதி வழியில் அதன் மூக்கிலிருந்து ஆவி கிளம்பி, ரோட்டோரம் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். இரண்டு பக்கமும் மரம் இல்லை. டிரைவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் திறந்துவிட்டு, "யார்னா தண்ணி வெச்சிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கூஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நல்ல பிள்ளையாகத்தானே வளர்த்திருக்கிறோம். ஒரு கூஜா அந்த வண்டிக்கு எந்த மூலை. டிரைவர் குடத்தோடு ஏதோ வீட்டைத் தேடிப் போனார். நான் துண்டை விரித்துப் பிள்ளைகள் தலைக்கு மேலே பிடித்தேன். ஒரு கால்மணி இருக்கும்.

"நைனா" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக. கையை மூக்குக்குக் கீழே ஏந்தியிருந்தாள். விரல் இடுக்கில் சிவப்பாக ஒழுகி, மஞ்சள் கவுனின் நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது.

குந்த வைத்துத் தலையை முன்னால் சாய்த்து மூக்கை இறுக்கிப் பிடித்தேன். கம்பெனியில் ஃபர்ஸ்ட் எய்டு ஆள் சொல்லிக்கொடுத்தது. கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா ஓடிவந்து, கூடையின் மேல் போட்டிருந்த ஈரக் கோணியை எடுத்துப் பிள்ளையின் தலையில் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வெயில்ல கொயந்தைய இஸ்துகினு வந்துக்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா? ஊட்ல பொம்பள இல்ல உனுக்கு?"

இருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நின்ற பஸ்ஸைப் பார்த்து ஒரு ஐஸ்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். சிவப்புக் குச்சி ஐஸ் இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்டெல்லாவின் மூக்குத் தண்டில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. ஐஸ் உருகி அவள் முகமெல்லாம் சிவப்பு. எது ரத்தம், எது ஐஸ் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் மீதி ஐஸை வாங்கினாள். தின்பாள் என்று பார்த்தால், கவுனில் ரத்தம் விழுந்த இடத்தில் வைத்துத் தேய்த்தாள். நன்றாக, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"அம்மா கேட்டா ஐஸுன்னு சொல்லிடலாம் நைனா."

"பொய் சொன்னா பாவமாச்சே." அந்த வருஷம்தான் கோயிலில் அவளுக்குப் புதுநன்மை கொடுத்து, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெயம பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எனுக்கு இங்கதான் நைனா இருக்கணும்."

இன்னொரு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அதையும் கவுனிலேயே தேய்த்தாள்.

வீட்டுக்குப் போனால் சவரிமுத்து சீக்கிரமே வந்து ஃபேனுக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான். பனியன் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். "மாமா, இது ஊரா, அடுப்பா? எப்டி கீறீங்க இங்க?" பக்கத்தில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கென்று கையால் பின்னியது. அந்த அறையில் அதைப் பார்ப்பதற்கே எனக்கு வியர்த்தது.

"இன்னாடி இது கவுன்ல?" என்றாள் லூர்து.

"ஐஸும்மா."

"இவ்ளோவா?"

"கொட்டிடுச்சு."

அந்தோணி உற்சாகமாக, "அம்மா, அம்மா, அக்காக்கு..." என்று ஆரம்பித்தான். கன்னியப்பன் கட்டிக்கொடுத்த நுங்கில் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தேன்.

லூர்து கவுனைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு கல்லில் சோப்பு தேய்க்கிற சத்தம். அது நின்றது. மறுபடி தேய்த்தாள். சவரி கான்வென்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், மைதானத்தில் ஊஞ்சல் இருக்கிறதாம், மழையில் நனையாமல் நடக்க வராந்தா இருக்கிறதாம். நான் தலையை ஆட்டினேனே தவிர ஒரு சொல் காதில் ஏறவில்லை. ஸ்டெல்லா சிம்மீஸோடு கதவோரம் நின்று கொல்லையையே பார்த்தாள்.

லூர்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு எதிரே தரையில் குந்தினாள். "சவரி, கோச்சிக்காத. கொயந்த இங்கயே இருக்கட்டும். ஆறு நாளா வெயில்ல சுத்துச்சு, ஒண்ணும் ஆவல. லீவுக்கு அனுப்பறேன். கிறிஸ்துமஸுக்கு அனுப்பறேன்."

சவரியின் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிறகு கம்பளிச் சட்டையை எடுத்து ஸ்டெல்லாவின் முதுகில் வைத்து அளவு பார்த்தான். கை விரல் நுனி தாண்டித் தொங்கியது. "பெருசாத்தான் பின்னிக்கிறா. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஆவட்டும்னு. இருக்கட்டும்க்கா, வரும்போது போட்டுகினு வரட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை ஆவடி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு நடந்து வந்தோம். பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். லூர்து என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஐஸ் கறை தண்ணில முக்குனா போய்டும்யா. இது உப்பு போட்டுக் கசக்கியும் போவல."

எனக்கு நடை நின்றுவிட்டது.

"அப்போ ஏன்..."

"பொய் சொல்லியாச்சும் இந்த ஊட்லயே இருக்கணும்னு நெனிக்கிது. அத்த எப்டியா அனுப்பறது?" மூக்கை உறிஞ்சினாள். "எனுக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லாத. அது ஜெயிச்சதாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

ரோட்டில் நிறுத்தி, கையில் அடித்து சத்தியம் வாங்கினாள்.

டாக்டர் சொன்னது போலவே பதிமூன்று, பதினான்கு வயதில் ரத்தம் வருவது தானாக நின்றுபோயிற்று. லீவுக்குக் குன்னூர் போய்வந்தாள், அந்தக் கம்பளிச் சட்டையைச் சின்னதாகும் வரை போட்டாள். இப்போது கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். நம் கத்திரியெல்லாம் அந்த ஊருக்குப் பக்கத்தில் நிற்காதாம். போன மாதம் போனில், "நைனா, பசங்கள ஏசி ரூம்லயே அடச்சி வெச்சிக்கிறேன், பாவமா கீது, இந்த வெயில்ல எங்க இட்டுனு போறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எந்த நேரத்துக்குப் போகிறாயோ அந்த நேரத்து நிழலைப் போய்ப் பார்த்துவிட்டு வா. மூன்றரைக்கு எழுப்பாதே. பம்ப்செட்டுக்குப் போனால் கரண்டு எப்போது என்று கேள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்துப் பிடி. சிரித்தாள். சிரித்துவிட்டு, "அம்மாவுக்கு அது இன்னிவரைக்கும் தெரியாது, இல்ல நைனா?" என்றாள்.

நான் இருமிச் சமாளித்தேன். லூர்து பக்கத்தில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கும் வயசாகிவிட்டது. பிள்ளையிடம் அம்மாவுக்குத் தெரியாது என்று எத்தனை நாளைக்கு இருமிக்கொண்டிருப்பது? இதைக் கேட்கிறவர்களில் யாராவது மஸ்கட் பக்கம் போனாலோ, அங்கே இருந்தாலோ, சேக்காட்டு ஸ்டெல்லா என்று விசாரியுங்கள். கறை போகவில்லை என்று அம்மா அன்றைக்கே பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத்தான் இருக்கட்டும் என்றாள் என்று சொல்லுங்கள். நான் சொல்லக்கூடாது, கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுக்கவில்லையே.